தமாஷா இருக்குது

அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கேயாவது சண்டைச் சத்தம் கேட்டால் உடனே ஓடிப் போக மாட்டார். முதலில் எழுந்து போய்க் குழாயடியில் கை கழுவுவார். முழங்கை வரை அப்பியிருக்கும் வெள்ளை மண் போக, நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் கிளம்புவார். இலை போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள், சாப்பிடப் போகிறார் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு சொல்வார்.

“தமாஷா இருந்துச்சுடி.”

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் நானும் அவரும் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். பெயர் வேண்டாம். கம்பெனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான். எங்களுடையது பினிஷிங் மேசை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில், இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டிய இடம் தழும்பு மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, வழுவழுப்பாக்கிச் சூளைக்கு அனுப்ப வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே செட்டியார், அதே செட்டிச்சி, அதே பிள்ளையார். பேச்சு இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். அந்தப் பேச்சை எங்களுக்குக் கொடுத்தவர் அக்கா. அதனால் அவர்மேல் எல்லோருக்கும் பிரியம். பயம் என்றும் சொல்லலாம். நாங்கள் அதைப் பிரியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தமாஷ் என்ற சொல் எங்கள் பக்கத்தில் சாதுவான சொல். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்துவைத்தால் தமாஷ். குழந்தை அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தடுமாறினால் தமாஷ். மங்கலம்பேட்டையிலிருந்து எங்கள் மேசைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண், யாரையாவது சீண்டிவிட்டு, “சும்மா தமாஷுக்குச் சொன்னேன்” என்பாள். மனதில் வைத்துக்கொள்ளாதே என்று அர்த்தம். அக்கா வாயில் அந்தச் சொல் வேறு வேலை செய்தது. அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்ல மாட்டார். நல்ல குழம்பை ருசி பார்த்தவர் ‘உப்பு சரியா இருக்கு’ என்பது போல நிதானமாகச் சொல்வார். எழவு தமாஷாக இருந்தது என்பார். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸ் தமாஷாக இருந்தது என்பார். ஒருமுறை பெண்ணாடம் பக்கம் கரும்பு டிராக்டர் கவிழ்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, அரை நாள் லீவு போட்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் முகத்தில் களையே இல்லை.

“என்னக்கா, எப்படி இருந்துச்சு?” என்று கேட்டோம்.

“போடி. யாருக்கும் ஒண்ணும் ஆவல. கரும்புதான் கெடக்குது.”

மேசை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நல்லவள் என்பதால் இல்லை, எனக்குச் சட்டென்று சிரிப்பு வராது. பிறவிக் குணம். அதனால்தான் அக்காவுக்கு என்னைப் பிடிக்கவில்லை. அதனாலேயே என்னை விடவும் முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, “பக்கத்துக் கம்பெனிக்குப் போயி, சூளைக்கு ஊத்துற வெளக்கெண்ணெ ஒரு படி வாங்கிக்கினு வா” என்றார். சூளைக்கு யாரும் விளக்கெண்ணெய் ஊற்றுவதில்லை. எனக்கு அது எப்படித் தெரியும்? பக்கத்துக் கம்பெனிக்காரர் முகத்தைச் சுருக்கி யோசித்து, இங்கே தீர்ந்துவிட்டது, அந்த இன்சுலேட்டர் கம்பெனியில் கேள் என்றார். அங்கே, குழாய் செய்கிற இடத்தில் கேள் என்றார்கள். மத்தியான வெயிலில் பேட்டை முழுக்கக் காலிப் படியோடு சுற்றினேன். எல்லோருக்கும் அந்த விளையாட்டு தெரிந்திருந்தது. திரும்பி வந்தபோது மேசையில் இருந்தவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். நான் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. படியைக் கீழே வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பொம்மையைச் சீவ ஆரம்பித்தேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சீ. உப்பில்லாதவ” என்றார்.

அன்றிலிருந்து அதுவே என் பெயர் ஆயிற்று. “ஒன்ன ஒரு நாளு சிரிக்க வெக்காம வுட மாட்டேன்டி, உப்பில்லாதவளே” என்று மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். அதைச் சும்மா சொல்லவில்லை. நிஜமாகவே அதற்காகப் பாடுபட்டார்.

சூளை பிரிக்கிற நாள்தான் அவருக்குத் திருவிழா. கதவைத் திறந்ததும் நல்ல பொம்மைகள் பாக்கிங்குக்குப் போகும். சூட்டில் வளைந்ததும் நெளிந்ததும் பின்னால் இருக்கும் உடைசல் மேட்டுக்குப் போகும். போவதற்கு முன் அக்கா ஒரு பார்வை பார்ப்பார். தலை சாய்ந்த பிள்ளையார், மூக்கு இறங்கிய செட்டிச்சி, இடுப்பு ஒடிந்து முன்னால் விழுகிற மாதிரி நிற்கிற செட்டியார் என்று நாலைந்து தேறும். அவற்றைக் கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் காட்டி, “இது யாரு, சொல்லு” என்பார். சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். கால் விந்தி நடக்கிற பாக்கிங் அண்ணன், ஒரு தோள் இறங்கிய கணக்குப்பிள்ளை, எங்களோடு கொஞ்ச நாள் வேலை பார்த்த, கன்னத்தில் மரு இருந்த என் சின்னம்மா மகள் எல்லோரும் அந்த ஜன்னலில் நின்றிருக்கிறார்கள். சூளையே அக்காவிடம் கேட்டு வளைத்துக் கொடுக்கிறதோ என்று தோன்றும்.

எங்கள் சூப்பர்வைசரின் மனைவி அவரை விட்டுவிட்டுப் போன வாரம், சூளையிலிருந்து ஒரு ஜோடிப் பொம்மையில் செட்டிச்சி மட்டும் உடைந்து வந்தாள். அக்கா செட்டியாரைத் தனியாக எடுத்து, சூப்பர்வைசர் நாற்காலிக்கு நேர் எதிரே, அவரைப் பார்த்தபடி உட்கார வைத்துவிட்டார். மனிதர் வந்து உட்கார்ந்தார், நிமிர்ந்தார், பார்த்தார். முதலில் சிரித்தது அவர்தான். எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். அதற்கப்புறம் ரொம்ப நாள் அந்த நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

அவரை ஒரேயடியாக அரக்கி என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அப்படி எழுத முடியவில்லை. எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தபோது, என் வீட்டு ஆட்களே சலித்துக்கொண்ட நேரத்தில், தினமும் வேலை முடிந்து கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி எடுத்துவந்து வாயில் ஊற்றியவர் அவர். நான் வாந்தி எடுத்ததைத் தன் கையில் ஏந்தியிருக்கிறார். தேறி வேலைக்குப் போன அன்று பார்த்தால், காய்ச்சலில் நான் பிதற்றியதையெல்லாம் என் குரலிலேயே மேசையில் நடித்துக்காட்டி முடித்திருந்தார். என்னைக் கண்டதும் எல்லோரும் “அம்மா, அந்த ஆட்டக் கட்டு” என்று ஒரே குரலில் முனகினார்கள். நான் அப்படிப் பிதற்றினேனாம். ஏந்திய கையும் அவருடையது, நடித்த வாயும் அவருடையது. இரண்டையும் ஒரே மனதோடுதான் செய்தார்.

தன் கதையையும் அவர் விட்டுவைத்ததில்லை. புருஷன் இன்னொருத்தியோடு ஓடிப்போன கதையை மேசையில் எத்தனை முறை சொல்லியிருப்பார்! ஓடிப்போகிற அவசரத்தில் அந்த ஆள் அடுப்பில் இருந்த குக்கரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டானாம். “உள்ள பருப்பு வெந்துக்கினு இருக்குது. பஸ்ஸுல விசில் அடிச்சிருக்கும்டி!” என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எங்காவது வலி தெரிகிறதா என்று நான் உற்றுப் பார்த்திருக்கிறேன். தெரிந்ததே இல்லை.

மலர்க்கொடி எங்களிடம் வந்தது இதற்கெல்லாம் அப்புறம். பெண்ணாடம் பக்கத்துக் கிராமத்தில் வாக்கப்பட்டவள். புருஷன் கரும்பு வெட்டுகிறவன், குடித்துவிட்டு வெட்டுக்கத்தியின் பிடியால் அடிப்பான். ஓடிவந்து அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தாள். அண்ணி நேரடியாகவே சொல்லிவிட்டாளாம், வேலைக்குப் போகிற வரைக்கும் இரு, வேலை நின்றால் உன் வீட்டைப் பார்த்துப் போய்க்கொள் என்று. இதையெல்லாம் மலர்க்கொடியே வந்த முதல் வாரத்தில் எங்களிடம் சொல்லி அழுதாள். அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அவளைப் போல அக்காவின் பேச்சுக்குச் சிரித்தவர் யாரும் இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். பயந்தால் காது வரை சிவப்பாள். மனதில் இருப்பது எதுவும் முகத்துக்கு வராமல் இருக்காது. “இவ மூஞ்சி இருக்குதே, டிக்கெட்டு வாங்கிக்கினு பாக்கணும்டி” என்பார் அக்கா. தன் சோற்றில் பாதியை அவளுக்கு வைப்பார். தலையில் பூ வைத்துவிடுவார். அவளும் அக்கா அக்கா என்று அவர் பின்னாலேயே திரிந்தாள்.

பொம்மை வேலையில் ஒரு விஷயம் உண்டு. உள்ளே வெற்றாக, அடி மூடி ஒட்டுகிற பொம்மையாக இருந்தால், அடியில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டே ஆக வேண்டும். உள்ளே இருக்கிற காற்றும் ஈரமும் சூளையில் அந்த வழியாகத்தான் வெளியே வரும். ஓட்டை இல்லாவிட்டால் பொம்மை வெடிக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். பொம்மையின் அடியில் அவரவர் அடையாளத்தையும் கீறிவிடுவோம். மலர்க்கொடியின் அடையாளம் பூ மாதிரி ஐந்து புள்ளி. அவளுடைய ஊசியை அவள் தாலிக்கயிற்றிலேயே குத்தி வைத்திருப்பாள், மறக்கக் கூடாதாம்.

கொலுவுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. சூளை நிறைய அடுக்கி, கற்பூரம் காட்டி, கேஸைப் பற்றவைத்தார்கள். சூடு ஏறிக்கொண்டிருந்தபோது உள்ளே படபடவென்று சத்தம் கேட்டது. பிறகு தடாலென்று ஏதோ சரிந்தது. அணைத்து, ஆறவிட்டு, மறுநாள் கதவைத் திறக்கும்போது நாங்கள் எல்லோரும் கையில் மண்ணோடு அப்படியே ஓடிப்போய்ச் சுற்றி நின்றோம். அக்கா மலர்க்கொடிக்கு நேர் எதிரே நின்றார். அவர் கை மட்டும் சுத்தமாக, நகக்கண்ணெல்லாம் கழுவி, துடைத்திருந்தது. அதை அன்றைக்கே பார்த்தேன். பார்த்ததோடு சரி.

வெடித்த பொம்மைகளின் சில்லு பட்டு, தட்டுக்கு முட்டுக்கொடுத்திருந்த தாங்குகட்டை நகர்ந்து, மேல் தட்டு கீழ்த் தட்டில் விழுந்து, பாதிச் சூளை நொறுங்கிக் கிடந்தது. சூப்பர்வைசர் குனிந்து வெடித்த அடிச் சில்லுகளைப் பொறுக்கினார். எல்லாவற்றிலும் ஐந்து புள்ளி. எதிலும் ஓட்டை இல்லை.

“போட்டேன் சார்! சாமி சத்தியமா போட்டேன் சார்! பாருங்க, ஊசி இங்கதான் இருக்குது!” மலர்க்கொடி தாலிக்கயிற்றை வெளியே இழுத்துக் காட்டினாள். முதலாளி அவளைப் பார்க்கக்கூட இல்லை. கூட்டிக்கொண்டு போய் வெளியே விடுங்கள் என்றார். அவள் முகம் வெளுத்து, சிவந்து, கோணி, பிறகு ஒன்றுமே இல்லாமல் போனது. அக்கா கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி சொன்னபடியே செய்தாள். இரண்டாம் நாள் மலர்க்கொடி புருஷன் ஊருக்குப் புறப்பட்டாள். பஸ் ஏற்றிவிட அக்கா மட்டும்தான் போனார். பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார வைத்துவிட்டு வந்து, எங்களிடம் சொன்னார்:

“மூக்கு ஒழுவுது. அதக்கூட தொடைக்காம எனக்கு டாட்டா காட்டுறாடி. தமாஷா இருந்துச்சு.”

அன்றைக்கு மேசையில் பாதிப் பேர்தான் சிரித்தார்கள்.

மலர்க்கொடியை நான் அதற்கப்புறம் ஒரே ஒருமுறை பார்த்தேன், பெண்ணாடம் பஸ் ஸ்டாண்டில். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். என்னடி என்று இழுத்துப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே உடைந்து, ஆஸ்பத்திரிக்குப் போகாமலேயே கோணலாகச் சேர்ந்திருந்தது. விரல்கள் மடங்கவில்லை. அந்தக் கையால் இனி பொம்மை சீவ முடியாது, சோறுகூடப் பிசைய முடியாது. அவளோ என்னிடம் அக்காவைப் பற்றிக் கேட்டாள்.

“அக்கா நல்லா இருக்காங்களா? எனக்குன்னு பஸ் ஏத்திவுட வந்தவங்க அவுங்க ஒருத்தங்கதான். அந்த டீயும் பன்னும் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்குதுக்கா.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஓட்டை போட்டேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது. மறந்துதான் பூட்டேன் போல. என் கை அப்படி.”

கம்பெனி மூடிய பிறகு நான் ஒரு ஜவுளிக்கடையில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற வேலைக்குப் போய்விட்டேன். அக்காவுக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது, கீழாநெல்லி ஊற்றிய கையை நினைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். அக்காவின் தங்கை மகள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். அதுவரைக்கும் அக்கா ஒண்டியாகக் கட்டிலில். ஒரு பக்கம் முழுக்க விழுந்து, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அவரே ஆரம்பித்தார். பேச்சு குழறினாலும் புரிந்தது.

“பாத்தியா, என்னிய ஜன்னல் கட்டையில வெக்கலாம். தமாஷா இல்ல?”

இந்த மனுஷியை எதுவும் தொடாது என்று அன்றைக்கு நினைத்தேன். டி.வி. இருந்தும் ஓடாமல் இருந்தது. போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். “அது நெசமா அழுவுறது இல்லடி.” பிறகு ஈரத்துணி எடுத்துவந்து கையைத் துடைத்துவிடச் சொன்னார். துடைத்துவிட்டேன். நகக்கண்ணையும் துடைக்கச் சொன்னார். துடைத்து முடித்ததும் தலையை என் பக்கம் திருப்பி, “ம், சொல்லு. யாருக்கு என்னா ஆச்சு?” என்றார்.

சொல்ல என்னிடம் அப்போது ஒன்றும் இல்லை. எனவே அவரே ஒன்று சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவைக்க இதைவிட நல்ல கதை கிடைக்காது என்று சேர்த்துவைத்திருந்தாராம்.

“அந்த ஓட்டைய அடைச்சது நான்தான்டி.”

எந்த ஓட்டை என்று கேட்டேன்.

“மலரு சோறு துன்னப் போயிருந்தா. விரல்ல மண்ணுக் கலவையத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தா அடைஞ்சி போவுது. ரெண்டு மூணு டப்பு டப்புன்னு வெடிக்கும், அவ மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்கலாம்னு பண்ணேன். தட்டு சரியும்னு யாரு கண்டா? ஊசிய இழுத்து இழுத்துக் காட்டுனா பாத்தியா? யம்மா!” அசையாத பாதி முகத்தை விட்டுவிட்டு மற்றப் பாதி சிரித்தது.

“அவமேல என்னக்கா கோவம் ஒங்களுக்கு?”

“கோவமா? அவமேல எனக்கு என்னாடி கோவம்? நல்ல பொண்ணு.”

கோபம் என்று சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். மலர்க்கொடியிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டுமுறை பஸ் ஸ்டாண்டு வரை போனேன். சொன்னால் என்ன ஆகும்? கை நேராகாது. அவளிடம் மிச்சமிருக்கிற அந்த டீயும் பன்னும்கூட இல்லாமல் போகும். திரும்பி வந்துவிட்டேன். ஆனால் அக்காவை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. திட்டினால் அவருக்குத் தமாஷாக இருக்கும், அழுதாலும் அப்படித்தான், முகத்தில் காறித் துப்பினாலும் அதைப் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரிப்பார். யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு வழிதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போக ஆரம்பித்தேன். ரஸ்க் வாங்கிக்கொண்டு போவேன். டீ போட்டு, அதில் நனைத்து ஊட்டுவேன். வந்ததும் வராததுமாக அவர் கையைத் துடைத்துவிடச் சொல்வார். துடைத்துவிடுவேன். தலையைத் திருப்பி, கண்ணை அகல விரித்து, “சொல்லுடி” என்பார்.

“ஒரு சேதியும் இல்லக்கா. எல்லாரும் நல்லா இருக்காங்க.”

“சூப்பர்வைசரு?”

அவர் குடித்துக் குடித்து வேலை போய், கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பது ஊருக்கே தெரியும். “அவரு பொண்டாட்டி திரும்பி வந்துட்டாங்கக்கா. தனி வூடு எடுத்து, செடியெல்லாம் வெச்சி நல்லா இருக்காங்க.”

“பாக்கிங் அண்ணன்?”

“மக டீச்சராயிட்டா. ஒரு குறையும் இல்ல.”

“எதுத்த வூட்டுல நேத்து ஒரே சத்தமா இருந்துச்சே?”

“பொறந்த நாளாம். கேக்கு வெட்டுனாங்க.”

ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டும். “யாரும் சாவலியா?” என்று ஒருநாள் கெஞ்சினார். இல்லை என்றேன். “சண்டகூடவா இல்ல இந்த ஊர்ல?” இல்லை என்றேன். பக்கவாதம் செய்ய முடியாததை நான் செய்தேன். வாரத்துக்கு வாரம் அவர் மெலிந்தார். ரஸ்கைத் துப்பினார். நான் எழுந்தால், “இருடி, எதனா யோசிச்சி சொல்லு” என்று நல்ல கையால் என் புடவையைப் பிடித்துக்கொள்வார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று எனக்கு இருக்கும். சனிக்கிழமையே ரஸ்க் வாங்கி வைத்துவிடுவேன்.

கடைசியாகப் போன அன்று அவர் வேறு யாரைப் பற்றியும் கேட்கவில்லை.

“மலரு?”

இந்தக் கேள்வி வரும் என்றுதான் இத்தனை வாரமும் காத்திருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி கட்டிலுக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்தேன்.

“அவளுக்கு என்னக்கா? புருஷன் அடியோட மாறிட்டான். குடிக்கிறது இல்ல. சர்க்கரை ஆலையில வேலை, இவளத் தங்கமா வெச்சிருக்கான். நான் போயிருந்தப்ப, கை நெறைய வளையல் போட்டுக்கினு எனக்கு சோறு பெசைஞ்சி போட்டா.”

“வளையலா?”

“ஆமாக்கா. ரெண்டு கையிலயும். நீங்க செஞ்சதாலதான் அவ புருஷன்கூடப் போயி சேர்ந்தா. அவளுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கீங்க.”

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணோரம் நனைந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “போடி” என்றார்.

நான் எழுந்து, மூலையில் இருந்த குழாயடியில் டம்ளரைக் கழுவினேன். ரஸ்க் துணுக்கு ஒட்டியிருந்த இடத்தையெல்லாம் நிதானமாகத் தேய்த்தேன். அப்படியே என் கையையும் கழுவினேன். முதுகுப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. திரும்பினால், அவர் தலையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய பார்வை, சூளைக் கதவு திறக்கும்போது பார்க்கிற பார்வை.

“ஏய். உப்பில்லாதவளே.”

“என்னக்கா?”

“சிரிக்கிறடி நீ.”

ஈரக் கையால் என் வாயைத் தொட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்காவின் பாதி முகம் மலர்ந்தது. நல்ல கையால் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டி, மூச்சு வாங்க, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். “யம்மா, இப்பத்தான்டி தமாஷா இருக்குது! இத்தினி வருசம்! இப்பத்தான்டி!” வாசலைத் தாண்டி நான் தெருவுக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. தை மாதம் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். பறை, வெடி, ஆட்டம் என்று எடுப்பு பிரமாதமாக இருந்ததாம், ஊரே வாசலுக்கு வந்து பார்த்ததாம். எங்கள் கடைத் தெரு வழியாகத்தான் கொண்டுபோனார்கள். பறைச் சத்தம் நெருங்கியதும் கடைப் பெண்கள் எல்லாம் ஊசியை அப்படியே குத்திவைத்துவிட்டு வெளியே ஓடினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன்.